மாற்று அணிக்காரனுக்குக் கைதட்டியவர்கள்

1980 பிப்ரவரி 10 அன்று, பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானத்தில் ரியல் மாட்ரிட் 2-0 என்று ஜெயித்தது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்க வேண்டிய ஆட்டம். ஆனால் அன்று மாட்ரிட்டின் வெள்ளைச் சட்டையில் ஓரத்தில் ஓடிய ஒரு கறுப்பின இளைஞர், தன்னைத் தடுக்க வந்தவர்களை ஒவ்வொரு முறையும் நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஆட்டம் போகப் போக, பார்சிலோனாவின் சொந்த ரசிகர்களே அவருக்குக் கைதட்டினார்கள். அவர் பெயர் லாரி கன்னிங்ஹாம். அன்று அவர் கோல் எதுவும் அடிக்கவில்லை.

இந்தக் கைதட்டலின் கனம் புரிய, அந்த இரண்டு ஊர்களின் பகையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உள்நாட்டுப் போரில் வென்று 1939இல் ஸ்பெயினைக் கைக்குள் கொண்டுவந்த பிராங்கோ, கட்டலோனியாவின் தன்னாட்சியைப் பறித்தார். கட்டலான் மொழியைப் பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் விரட்டினார். ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று அந்த மொழியில் வாய்விட்டுக் கத்துவதற்கு மிஞ்சிய இடம் பார்சிலோனா கிளப்பின் மைதானம்தான். 1943 கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரில் 3-0 என்று ஜெயித்த பார்சிலோனா, அடுத்த ஆட்டத்துக்கு மாட்ரிட் போய் 11-1 என்று தோற்றது. ஆட்டத்துக்கு முன் தங்கள் வீரர்களை அரசாங்கத்து ஆட்கள் மிரட்டினார்கள் என்று பார்சிலோனாக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். 1953இல் டி ஸ்டெபானோ என்ற வீரர் எந்தக் கிளப்புக்கு என்று ஒரு பெரிய தகராறு நடந்து, கடைசியில் அவர் மாட்ரிட்டுக்குப் போனார். அந்தக் காயமும் ஆறவில்லை. 1975இல் பிராங்கோ இறந்தார். 1979 முடிவில்தான் கட்டலோனியாவுக்குத் தன்னாட்சிச் சட்டம் திரும்பக் கிடைத்தது. 1980 மார்ச் 20 அன்று அவர்களுடைய நாடாளுமன்றத்துக்குத் தேர்தல். அதற்கு ஐந்தாறு வாரம் முன்பு, மாட்ரிட் என்ற பெயரைக் கேட்டாலே ரத்தம் கொதித்த அந்த நேரத்தில்தான் காம்ப் நூவில் இந்தக் கைதட்டல் கேட்டது.

கன்னிங்ஹாம் வடக்கு லண்டனில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனில் சிரில் ரெஜிஸ், பிரெண்டன் பேட்ஸன் என்ற இரண்டு கறுப்பின வீரர்களோடு சேர்ந்து ஆடினார். 1978 டிசம்பர் 30 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்திலேயே 5-3 என்று வீழ்த்தியது அந்த அணி. அந்த ஆட்டத்தின் பதிவு இன்றும் கிடைக்கிறது. கன்னிங்ஹாமின் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் கூட்டம் ஊளையிடுவது தெளிவாகக் கேட்கும். வீரர்கள் கறுப்பர்கள் என்பதற்காகவே கூட்டம் இப்படிச் செய்கிறது என்று வர்ணனையாளர் ஜெரால்ட் சின்ஸ்டாட் ஒளிபரப்பிலேயே கண்டித்தார். அடுத்த ஆண்டு சுமார் 9,50,000 பவுண்டு கொடுத்து மாட்ரிட் கன்னிங்ஹாமை வாங்கியது. கார்னர் கிக்கை வலது காலின் வெளிப்புறத்தால் வளைத்து அடிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. பாதம் பந்தைத் தடவினாற்போலத்தான் தெரியும். பந்து மட்டும் கோல் வாசலுக்கு நேரே வளைந்து இறங்கும். சொந்த நாட்டில் ஊளை வாங்கியவர், ஒன்றேகால் ஆண்டுக்குள் பகை ஊரில் கைதட்டல் வாங்கினார். அந்தப் பருவத்தில் மாட்ரிட் லீக், கோப்பை இரண்டையும் ஜெயித்தது. அதன்பின் கால்விரல் உடைந்து, காயத்துக்கு மேல் காயம் பட்டு, பழைய வேகம் அவருக்குத் திரும்பவே இல்லை. 1989இல் மாட்ரிட் நகரத்துச் சின்ன அணியான ராயோ வாயெகானோவை முதல் பிரிவுக்கு உயர்த்திய கோலை அடித்துவிட்டு, சில வாரங்களில், ஜூலை 15 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். வயது 33.

நான் ரியல் மாட்ரிட் ரசிகன். 1998 மே மாதம் யுவெண்டஸுக்கு எதிரான ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் மியாதோவிச் அடித்த அந்த ஒரே கோலை சென்னையில் எங்கள் வீட்டு டிவியில் பார்த்த இரவிலிருந்து இந்த அணிதான் என் அணி, ரவுல்தான் என் ஆள். இருந்தும் எனக்குப் பிடித்த வீரர்கள் யார் யார் என்று எழுதிப் பார்த்தால் பட்டியலில் பாதிப் பேர் பார்சிலோனாக்காரர்களாக வந்து நிற்கிறார்கள். இதைச் சொன்னால் நண்பர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். இது துரோகம் இல்லை, இதற்கென்று ஒரு மரபே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கதைகளைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

மாட்ரிட்டின் மைதானமான சாண்டியாகோ பெர்னபேயு 1947 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கே வந்து உட்காரும் கூட்டம் சொந்த அணியையே விசிலடித்து விரட்டும் கூட்டம். இக்கர் காசியாஸ் போன்ற, அந்தக் கிளப்பிலேயே வளர்ந்து எல்லாக் கோப்பையும் வாங்கித் தந்த கோல்கீப்பரையே கடைசிக் காலத்தில் விசிலடித்தார்கள். அணி மோசமாக ஆடினால் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வீசிக் காட்டுவார்கள். இந்தக் கைக்குட்டைப் பழக்கம் காளைச் சண்டைக் களத்திலிருந்து வந்தது. அதே ஊரில் இருக்கும் லாஸ் வென்டாஸ் களத்தில் ஒருவன் காளையோடு நன்றாக ஆடிவிட்டால், அவனுக்குக் காளையின் காதைப் பரிசாகக் கொடுக்கச் சொல்லித் தலைவரைக் கேட்டு மக்கள் கைக்குட்டை வீசுவார்கள். அந்தக் களத்தில் ஏழாம் பகுதி என்று ஒரு வரிசை உண்டு. எளிதில் எதையும் ஒப்புக்கொள்ளாத ஆட்கள் உட்காரும் இடம். அந்த ஊரில் பார்வையாளன் தீர்ப்புச் சொல்ல வருகிறான் என்றே நான் நினைக்கிறேன். நம்மவன் சரியாக ஆடாவிட்டால் தண்டிக்கிற கூட்டத்துக்குத்தான், எதிரி நன்றாக ஆடினால் ஒப்புக்கொள்ளும் யோக்கியதையும் இருக்கும்.

1983 ஜூன் 26. லீக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டம், பெர்னபேயுவில். பார்சிலோனாவுக்கு மெனோட்டி பயிற்சியாளர், மாட்ரிட்டுக்கு டி ஸ்டெபானோ. மூன்று வாரம் முன்புதான் ஸாரகோஸாவில் நடந்த கோப்பை இறுதியில் கடைசி நிமிடக் கோலால் பார்சிலோனா மாட்ரிட்டை வென்றிருந்தது. அந்தக் கோலுக்குப் பின் பார்சிலோனாவின் ஷுஸ்டர் மாட்ரிட்காரர்களைப் பார்த்துக் கையை மடக்கிக் காட்டியதை யாரும் மறந்திருக்கவில்லை. அந்தப் பருவத்தில் மாட்ரிட் ஐந்து போட்டிகளில் இரண்டாவதாக வந்தது. ஐந்தும் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போனவை. இந்த லீக் கோப்பை அந்த ஐந்தில் ஒன்று.

அப்படிப்பட்ட கூட்டத்தின் முன் பார்சிலோனாவின் மரடோனா தனியாகப் பந்தோடு ஓடிவருகிறார். கோல்கீப்பர் அகுஸ்தினைச் சுற்றிக் கடந்தாயிற்று. முன்னால் வெறும் வலை. தட்டினால் போதும், கோல். அவர் தட்டவில்லை. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்கிறார். பின்னாலிருந்து மாட்ரிட்டின் ஹுவான் ஹோஸே தலைதெறிக்க ஓடிவந்து காலை நீட்டிச் சறுக்குகிறார். மரடோனா பந்தை ஓர் அங்குலம் உள்ளே இழுக்க, ஹுவான் ஹோஸே சறுக்கிய வேகத்தில் கோல் கம்பத்தில் போய் மோதுகிறார். அதன் பிறகுதான் மரடோனா பந்தை வலைக்குள் தள்ளினார். இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாமல் நின்ற அந்தக் கணத்தில் அவருக்குப் பின்னால் வருபவன் தெரிந்திருக்கிறான். தலையைத் திருப்பாமலே தெரிந்திருக்கிறது. பெர்னபேயு கைதட்டியது. ஆட்டம் 2-2. மூன்று நாள் கழித்துக் காம்ப் நூவில் 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைப் பார்சிலோனா எடுத்துக்கொண்டது.

ஸ்பெயினுக்கு வெளியே இரண்டைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். 2003 ஏப்ரல் 23 அன்று மாட்ரிட்டின் பிரேசில் வீரர் ரொனால்டோ ஓல்ட் டிராஃபோர்டில் மூன்று கோல் அடித்துவிட்டு வெளியே வந்தபோது மைதானமே எழுந்து நின்றது. கன்னிங்ஹாமுக்கு ஊளையிட்டது இதே மைதானம்தான். அன்று யுனைடெட் 4-3 என்று ஜெயித்தும் மொத்தத்தில் 6-5 என்று போட்டியிலிருந்து வெளியேறியது. 2018 ஏப்ரல் 3 அன்று துரின் நகரில் கிறிஸ்டியானோ ரொனால்டோ அந்தரத்தில் பல்டியடித்து உதைத்த கோலுக்கு யுவெண்டஸ் ரசிகர்கள் எழுந்து கைதட்ட, அவர் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். மூன்று மாதம் கழித்து அதே கிளப்பில் சேர்ந்தார்.

2005 நவம்பர் 19 என் காலத்தில் நடந்தது, என் கண்ணெதிரே நடந்தது. பெர்னபேயுவில் மாட்ரிட் அணியில் ஜிடான், பெக்காம், ரொனால்டோ, ராபின்யோ, ராபெர்ட்டோ கார்லோஸ் எல்லாரும் இருந்தார்கள். உலகத்தின் பெரிய பெயர்களையெல்லாம் கிளப் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரஸ் வாங்கிக் குவித்திருந்தார். ஆனால் 2003க்குப் பிறகு பெரிய கோப்பை ஒன்றும் வந்தபாடில்லை. அந்த ஆண்டு கோப்பையைக் கொண்டுவந்த பயிற்சியாளர் டெல் பாஸ்கேயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பந்தைப் பிடுங்கிக் கொடுக்கும் உழைப்பாளி மகெலெலேயை விற்றுவிட்டார்கள். அலங்காரம் மிஞ்சியது, அஸ்திவாரம் போய்விட்டது. எதிரே பார்சிலோனா அணியில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வலது ஓரத்தில் தன் முதல் கிளாசிக்கோவை, அதாவது மாட்ரிட்-பார்சிலோனா ஆட்டத்தை, ஆடிக்கொண்டிருந்தான், அவன் மெஸ்ஸி. முதல் கோல் எட்டோவுடையது. என் ரவுல் முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். நான் டிவியை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை.

இரண்டாம் பாதியில் பார்சிலோனாவின் ரொனால்டினோ இடது ஓரத்தில் பந்தை வாங்கினார். செர்ஜியோ ராமோஸுக்கு அப்போது 19 வயது. அவரை வேகத்தாலேயே தாண்டினார். உள்ளே வெட்டி ஹெல்கெராவைத் தாண்டினார். காசியாஸ் முன்னே வர, வலது காலால் வலைக்குள். கொஞ்ச நேரம் கழித்து அதே ஓரத்தில் மறுபடியும் அதே ராமோஸ், மறுபடியும் கோல். அப்போது கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. மீசை வைத்த நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு கடமையைச் செய்கிற முகம். அவரைச் சுற்றிலும் எழுந்தார்கள். முழு மைதானமும் இல்லை, ஆனால் டிவியில் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு.

பார்சிலோனா பக்தனான என் அத்தை மகன் அந்த நடுராத்திரியில் போன் செய்தான். "என்னடா, உங்காளுங்களே எழுந்து நின்னு தட்டுறாங்க?" என்றான். "நானும் தட்டினேன்டா" என்றேன். கொஞ்ச நேரம் அவன் பேசவே இல்லை.

அன்றைய கைதட்டலில் பாதி ரொனால்டினோவுக்கு, பாதி தங்கள் நிர்வாகத்தைக் குத்திக் காட்டுவதற்கு என்று சிலர் எழுதினார்கள். அதில் உண்மை இருக்கிறது. பயிற்சியாளர் லுக்செம்பர்கோவின் வேலை அடுத்த மாதமே போனது. பெரஸ் 2006 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். ஆனால் நிர்வாகத்தின் மேல் கோபம் இருந்தால் கைக்குட்டை வீசலாம், விசிலடிக்கலாம், எழுந்து போய்விடலாம். இவை மூன்றும் அந்தக் கூட்டத்துக்குக் கைவந்தவை. எதிரிக்காக எழுந்து நிற்பது வேறு. இதை நான் உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் நான் இருந்தேன். டெண்டுல்கர் 136 அடித்தும் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. மனம் உடைந்துபோன நிலையில் எங்கள் வரிசை எழுந்து நின்றது. வாசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி ஓட ஓடக் கைதட்டல் கூடவே நகர்ந்தது. அன்று யார் மேலும் எங்களுக்குக் கோபம் இல்லை. ஜெயித்தவர்கள் நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. லூயிஸ் ஃபிகோ பார்சிலோனாவின் கண்மணியாக இருந்து 2000இல் மாட்ரிட்டுக்குத் தாவினார். 2002 நவம்பரில் காம்ப் நூவில் அவர் கார்னர் கிக் அடிக்கப் போனபோது பாட்டில்களோடு ஒரு பன்றித் தலையும் மைதானத்தில் வந்து விழுந்தது. ஆட்டம் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது. ஃபிகோ ஆடிய ஆட்டம் யாருக்கும் குறைந்ததில்லை. ஆனால் கூடவே இருந்து விட்டுப்போனவனைக் கூட்டம் மன்னிக்காது. முதலிலிருந்தே எதிரியாக இருப்பவனுக்குத்தான் இந்த மரியாதை.

இந்த வரிசையில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் நிற்பது பார்சிலோனாவின் ஆந்த்ரேஸ் இனியெஸ்டாவுக்குக் கிடைத்த ஒன்று. அதில் மாட்ரிட்டுக்குப் பங்கு இல்லை.

பார்சிலோனா நகரில் இன்னொரு கிளப் இருக்கிறது, எஸ்பான்யோல். 1900இல் மாணவர்கள் தொடங்கியது. பக்கத்துக் கிளப் சுவிஸ்காரர் கேம்பரும் ஆங்கிலேயர்களும் சேர்ந்து ஆரம்பித்ததால், எங்கள் அணி ஸ்பானிய அணி என்று பெயரிலேயே சொன்னார்கள். ஊரே பார்சிலோனாவைக் கொண்டாட, இவர்கள் அதன் நிழலில் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். அதனால் அவர்களுடைய வெறுப்பு மாட்ரிட்காரர்களின் வெறுப்பைவிடக் கசப்பானது. 2007 ஜூன் 9 அன்று எஸ்பான்யோலின் ரவுல் தமுடோ காம்ப் நூவில் கடைசி நிமிடத்தில் அடித்த கோல் பார்சிலோனாவின் லீக் பட்டத்தைத் தட்டிப் பறித்து எங்கள் மடியில் போட்டது. அதற்காக நான் தமுடோவை நேசிக்கிறேன். ஆனால் அது நன்றிக் கடன். அதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

2009 ஆகஸ்டில் எஸ்பான்யோல் தன் சொந்தப் புது மைதானத்தை கார்னெயா-எல் பிராட்டில் லிவர்பூலோடு ஆடித் திறந்தது. அப்போதுதான் அணித் தலைவராகியிருந்த டானி ஹார்க்கே, சில நாள் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, பயிற்சிக்குப் போன இடத்தில் இத்தாலியில் மாரடைப்பில் இறந்தார். வயது 26. அவர் சட்டை எண் 21. ஸ்பெயினின் இளையோர் அணிகளில் அவரோடு ஆடிய நண்பர் இனியெஸ்டா. அந்தச் சாவு தன்னை எந்த இருட்டில் தள்ளியது என்று இனியெஸ்டா பிற்பாடு வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

2010 ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க், உலகக் கோப்பை இறுதி. 116ஆவது நிமிடத்தில் ஃபாப்ரெகாஸ் தள்ளிய பந்தை இனியெஸ்டா நெதர்லாந்து வலைக்குள் அடித்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார். உள்ளே போட்டிருந்த பனியனில் பேனாவால் எழுதியிருந்தது: டானி ஹார்க்கே என்றும் எங்களோடு. சட்டையைக் கழற்றியதற்கு நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சள் அட்டை காட்டினார். ஒரு நாட்டுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்த கோல், அதை அடித்தவன் காட்டியது பகைக் கிளப்பின் தலைவனுடைய பெயர்.

அந்த ஆண்டு டிசம்பர் 18 அன்று பார்சிலோனா கார்னெயா-எல் பிராட்டுக்கு ஆட வந்தது. 5-1 என்று எஸ்பான்யோலைத் துவைத்து எடுத்தது. சொந்தப் புது வீட்டில், பரம எதிரியிடம் ஐந்து கோல் வாங்கிய ராத்திரி. அந்தக் கூட்டம் இனியெஸ்டாவுக்காக எழுந்து நின்று கைதட்டியது. ரொனால்டினோவுக்கு எழுந்தவர்கள் ஆட்டத்துக்காக எழுந்தார்கள். இவர்கள் ஒரு மனிதனுக்காக எழுந்தார்கள். அதற்கு மேல் ஒரு மைதானத்தால் ஒருவனுக்கு எதுவும் கொடுக்க முடியாது.

அதன்பின் ஸ்பெயினில் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் அவருக்குக் கைதட்டினார்கள். பில்பாவோவின் சான் மாமேஸ் மட்டும் விதிவிலக்கு. இனியெஸ்டா மேல் மோதியதற்காகத் தங்கள் வீரர் அமோரெபியேதா வெளியேற்றப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை, விசிலடித்தார்கள். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். விசிலடிக்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான் கைதட்டலுக்கு மதிப்பு. 2015 நவம்பர் 21 அன்று பெர்னபேயுவில் பார்சிலோனா 4-0 என்று எங்களை நசுக்கியது. ஒரு கோல் இனியெஸ்டாவுடையது. கூட்டம் அன்றும் பெரஸைப் பதவி விலகச் சொல்லிக் கத்தியது, கைக்குட்டை வீசியது. இனியெஸ்டா வெளியே வந்தபோது அதையெல்லாம் நிறுத்திவிட்டுக் கைதட்டியது. மாட்ரிட் ரசிகனாக நான் பெருமைப்பட்ட ராத்திரிகளில், 0-4 என்று தோற்ற அந்த ராத்திரியும் ஒன்று.

எனக்குப் பிடித்த மாற்று அணிக்காரர் யார் என்று கேட்டால் இனியெஸ்டா என்றுதான் சொல்வேன். கார்னெயா-எல் பிராட்டில் அதன்பிறகும் ஒவ்வோர் ஆட்டத்திலும் 21ஆவது நிமிடத்தில் ஹார்க்கேவுக்காகக் கைதட்டி வருகிறார்கள். 2010 டிசம்பர் ஆட்டத்தின் காட்சி கிடைத்தால் ஒருமுறை பாருங்கள். கோல்களை விட்டுவிடுங்கள், பார்வையாளர் வரிசையைப் பாருங்கள்.